இரவல் மூச்சுக்கு எத்தனை நீளம்?

ஸ்கூபா சாதனம் வாங்கப் புகுகிறவர் ரெகுலேட்டரின் உள்ளமைப்பைப் பற்றியும், மணிக்கட்டில் கட்டும் கம்ப்யூட்டரின் சாமர்த்தியத்தைப் பற்றியும் கடைக்காரரோடு வெகுநேரம் தர்க்கம் செய்வாரேயன்றி, அவற்றையெல்லாம் இணைக்கின்ற குழாய்கள் எத்தனை நீளம் இருக்கவேண்டும் என்று விசாரிப்பது அபூர்வம். பெட்டியோடு வந்த நீளமே பிரமாணம். வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜுக்குச் சுமார் 75 சென்டிமீட்டர். ஆக்டோபஸ் என்று வழங்குகிற, ஆபத்தில் தோழனுக்குக் கொடுப்பதற்கென்று ஒதுக்கிய மஞ்சள் நிற உபரி வாய்க்கு 90 முதல் 100. அழுத்தமானிக்கு 80 முதல் 90. இதுவே பொது வழக்கம். இந்த ஏற்பாட்டையும், இதற்குப் போட்டியாக நிற்கும் வேறு இரண்டு ஏற்பாடுகளையும் ஒரே ரெகுலேட்டரில் மாற்றி மாற்றிப் பூட்டி, ஃப்ளோரிடாவின் ஊற்று நீரிலும் திறந்த கடலிலும் பரீட்சித்துப் பார்த்ததில் எனக்கு உண்டான அபிப்பிராயங்களை இங்கே எழுதுகிறேன்.

சாதனத்தின் தத்துவம் எளிது. சிலிண்டரில் 200 பார் அளவுக்கு அடைபட்டிருக்கும் காற்றை, அதன் கழுத்தில் அமரும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் மட்டுமே மிகுதியாக இருக்கும்படி தணித்துத் தாழ்வழுத்தக் குழாய்களில் விடுகிறது. தணியாத முழு அழுத்தம் செல்வது அழுத்தமானிக் குழாயில்தான். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பூட்டிவிடாதிருக்கும் பொருட்டு, முன்னதன் மரையை 3/8 அங்குலமாகவும் பின்னதன் மரையை 7/16 அங்குலமாகவும் அமைத்திருக்கிறார்கள். நீளம் கூடினால் மூச்சிழுப்பது சிரமமாகுமோ என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. 75 சென்டிமீட்டரிலும் 210 சென்டிமீட்டரிலும் மாறி மாறிச் சுவாசித்த எனக்கு யாதொரு பேதமும் புலப்படவில்லை.

உண்மையான பேதம் புலப்படுவது, காற்றுத் தீர்ந்த தோழன் எதிரே வந்து நிற்கும்போது. செகண்ட் ஸ்டேஜ் என்பது, குழாய் வலப்புறமிருந்து வந்து சேரும்படியும், மூச்சு வெளியேறும் வழி கீழ்நோக்கியிருக்கும்படியும் செய்யப்பட்ட பொருள். என் வலத்தோளிலிருந்து புறப்படும் குழாய், எனக்கு எதிர்முகமாக நிற்பவருடைய வலப்புறத்தைச் சேரவேண்டுமானால், அது எங்கள் இருவருக்கும் நடுவே குறுக்காக வளைந்து போயாகவேண்டும். குழாய் குட்டையாக இருந்தால் அந்த வளைவுக்கு இடமிராது. அது முறுக்கிக்கொண்டு, வாங்கினவரின் வாயிலிருந்து சாதனத்தைப் பிடுங்கப் பார்க்கும். அல்லது பதற்றத்தில் அவர் அதைத் தலைகீழாகக் கவ்விக்கொள்ள, காற்றோடு நீரும் சேர்ந்து வாய்க்குள் வரும். வழக்கமான மஞ்சள் ஆக்டோபஸைப் பரீட்சித்தபோது, நின்ற நிலையில் அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் இருவரும் சேர்ந்து நீந்த ஆரம்பித்த மாத்திரத்தில், ஒருவர் தலையைத் திருப்பினால் மற்றவர் தலையும் உடன் திரும்ப நேர்ந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு: முழுப் பிரயாணமும் மார்போரத்தில் தொங்கி, மணலிலும் பாறையிலும் இழுபட்டு, ஒருமுறையேனும் சுவாசித்துப் பார்க்கப்படாத ஒரு வாயை, மூச்சுக்குத் தவிக்கும் மனிதரிடம் நீட்டுகிறோம். அவரோ, பயிற்சியாளர்கள் பலகாலமாக எச்சரித்து வருவதுபோல, நன்றாக வேலை செய்கிறதென்று கண்ணுக்குத் தெரிகிற, நம் வாயில் இருக்கிற சாதனத்தையே பறிக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு குகைகளில் பிறந்தது. வட ஃப்ளோரிடாவின் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தோடும் நிலத்தடி நீர்வழிகளில் மேலே எழும்பித் தப்புவதென்பது கிடையாது. வந்த வழியே திரும்பவேண்டும். அவ்வழியும் சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்கது. அந்நாட்டுக் குகை நீச்சலின் முன்னோடியான ஷெக் எக்ஸ்லி, விபத்துகளை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட சிறு நூல் வலியுறுத்தும் விதிகளில் ஒன்று, காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உட்செல்வதற்குச் செலவிடவேண்டும் என்பது. திரும்புவதற்கு ஒரு பங்கு போக, எஞ்சிய பங்கு தோழனுடையது. அதை அவருடைய வாய் வரையில் கொண்டு சேர்ப்பதற்கு ஒரு மார்க்கம் வேண்டுமல்லவா? அந்த மார்க்கமே ஏழடிக் குழாய், அதாவது சுமார் 210 சென்டிமீட்டர். அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகவும் எக்ஸ்லியையே பெரும்பாலோர் குறிப்பிடுகிறார்கள். பிற்பாடு பில் ஹோகார்த் மெயின் என்பவரின் சிக்கன நெறியைப் பின்பற்றினவர்களிடையே இதன் பாதை ஸ்திரப்பட்டது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து முதுகோரமாக இறங்கி, வலது இடுப்பில் தொங்கும் விளக்கின் பாட்டரிக் குப்பிக்கு அடியில் புகுந்து, மார்பின் குறுக்கே ஏறி, இடத்தோளைக் கடந்து, பிடரியைச் சுற்றி, வலப்புறமாக வாய்க்கு வருகிறது. நம்மவர் யாரும் இதைக் கண்டால் பூணூலை நினைக்காமலிருக்க முடியாது. கொடுப்பது இந்த வாயைத்தான். தனக்கென்று 55 அல்லது 60 சென்டிமீட்டர்க் குழாயில் மற்றொரு வாயை ரப்பர் நாண் கட்டிக் கழுத்தில் மாலைபோல் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். கையின் உதவியில்லாமலே தாடையைத் தாழ்த்தி அதைக் கவ்விக்கொள்ளலாம்.

சாண்டா ஃபே நதிக்கரையிலுள்ள ஜின்னி ஊற்றில், குகைக்குச் செல்லும் வாய் இரும்புக் கிராதியால் அடைக்கப்பட்டிருக்கும் ‘பால்ரூம்’ என்ற குடைவில், 22 டிகிரி வெப்பமுள்ள, படிகம்போல் தெளிந்த நீரில் இதைச் சோதித்தேன். வாயிலிருந்து எடுத்து, தலையைக் குனிந்து, கையை நேரே நீட்டினால் குழாய் முழுவதும் ஒரே வீச்சில் கழன்று போகிறது. தோழர் முன்னே செல்ல, நான் பின்னே, இருவரும் ஒருவரையொருவர் இழுக்காமல் நீந்த முடிந்தது. அந்தச் சுதந்திரத்தை அனுபவித்தவருக்குப் பழைய ஆக்டோபஸ் ஒரு தளையாகவே தோன்றும். ஆயினும் துதிபாடிகள் மறைக்கிற குறைகளும் உண்டு. இடுப்பில் விளக்குக் குப்பி இல்லாதவர் உபரி நீளத்தை இடைவாரில் செருகவேண்டும். கடலலை ஆட்டும்போது அது உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. நெரிசலான படகின் தளத்திலே யாராவது ஒருவர் அதை மிதிக்காமல் இருப்பதில்லை. கொடுத்த குழாயைத் தண்ணீருக்குள்ளேயே மறுபடி ஒழுங்காகச் சுற்றிக்கொள்வது அப்பியாசம் கேட்கிற காரியம். வலக்கக்கத்தின் கீழாகச் சென்று மார்பைக் கடக்கும் 150 சென்டிமீட்டர்க் குழாய், இந்தக் குறைகளில் பாதியைத் தீர்க்கிறது. குப்பி கட்டாதவர்களுக்கு அதுவே மேல்.

மூன்றாவது ஏற்பாடு 100 சென்டிமீட்டர்க் குழாயை வலது அக்குளின் கீழே விட்டு, செகண்ட் ஸ்டேஜின் வாயிலில் சுழலும் முழங்கை மூட்டு ஒன்றைப் பொருத்துவது. திறந்த கடலுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். குழாய் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. தலையைத் திருப்பும்போது தாடையை இழுப்பதில்லை. கொடுத்தபின் இருவரும் பக்கவாட்டில் நீந்தி மேலே வரப் போதுமான இடமிருக்கிறது. கழுத்து மாலையை இதனோடும் சேர்த்துக்கொள்ளலாம். சுழலும் மூட்டில் ஓ-வளையங்கள் அதிகப்படியாக இருப்பதால் கசிவதற்கும் ஓரிடம் அதிகம். ஆகவே சர்வீஸ் செய்யும்போது அதையும் கவனிக்கச் சொல்லவேண்டும்.

அழுத்தமானிக் குழாயைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை. நீண்டிருந்தால் பவளத்தில் மாட்டும்; 60 சென்டிமீட்டரில் இடது இடுப்பு வளையத்தோடு கொக்கியிட்டால், கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டிவிடலாம். விலாவின் இருபுறமும் சிலிண்டர் கட்டுகிற சைட்மவுண்ட் முறையினருக்கு 15 சென்டிமீட்டரே போதும். மானி அவர்களுடைய கண்ணெதிரே நிற்கிறது. மிதவைச் சட்டையை ஊதும் குழாய், கையை முழுவதும் உயர்த்தினாலும் விறைக்காத அளவில் மிகக் குட்டையாக இருப்பதே உசிதம்.

அளவைத் தீர்மானிக்கக் கடைக்காரர் வேண்டியதில்லை; ஒரு பருத்திக் கயிறு போதும். சாதனம் முழுவதையும், எந்த உடை தரித்து நீரில் இறங்குவீர்களோ அந்த உடையின்மேல் அணிந்து, ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து உத்தேசித்த பாதையிலே கயிற்றை ஓட்டி, தலையை இடப்புறம் முழுவதும் திருப்பி அண்ணாந்து பார்க்கும் நிலையில் அது இறுகாதபடி அளவெடுக்கவேண்டும். மெல்லிய சட்டைக்கு எடுத்த அளவு, குளிர்நீருக்கான பருத்த உடைக்குச் செல்லாது.

இனி, பொருள். பின்னல் உறையிட்ட குழாய்கள் இலேசானவை, எப்படியும் வளைபவை. சந்தையில் அவற்றுக்குப் பெரிய மதிப்பு. ஆனால் அவற்றுட் சிலவற்றின் உட்சுவரான பாலியூரிதேன், வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, படிகங்களாகத் திரண்டு, காற்றின் வழியையே அடைத்த சம்பவங்களை முக்குளிப்போர் பாதுகாப்பு நிறுவனமான டான் வெளியிட்டிருக்கிறது. வெளியில் பார்த்தால் குழாய் புத்தம் புதிதாகவே இருக்கும். ரப்பரோ விறைப்பானதுதான்; ஆனால் வயதாகிவிட்டதைத் தன் மேனியில் வெடிப்பாகக் காட்டிவிடுகிறது. அவ்வெடிப்பு பெரும்பாலும் தோன்றுவது உலோக முனையை ஒட்டின இடத்திலாகையால், அங்கே மாட்டியிருக்கும் பாதுகாப்பு உறையை அவ்வப்போது பின்னுக்குத் தள்ளிப் பார்க்கவேண்டும்; உள்ளே உப்பும் துருவும் சேர்ந்திருக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நலம். உஷ்ண தேசத்துக் கடலில் நீந்தி, சாதனத்தை வெயிலில் காயும் படகில் கிடத்துகிறவர், கனத்தைப் பொருட்படுத்தாமல் ரப்பரையே வாங்கலாம்; என் ரெகுலேட்டரில் இப்போது பூட்டியிருப்பது 100 சென்டிமீட்டரும் 55 சென்டிமீட்டருமான இரண்டு ரப்பர்க் குழாய்கள்; இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு செகண்ட் ஸ்டேஜின் விலையில் சிறு பங்குதான்.