பட்டாதாரரின் சம்மதமும் ஊரின் சம்மதமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கமுதிப் பக்கம் போகிறவர்கள், கரிசல் காட்டுக்கு நடுவே கம்பி வேலியையும் சூரியத் தகடுகளையும் பார்க்கலாம். கமுதியில் 2016இல் அதானி குழுமம் அமைத்த 648 மெகாவாட் நிலையம் ஊரறிந்தது. விருதுநகர் உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் என்.எல்.சி. நிறுவிய 709 மெகாவாட் திட்டம் 2021 பிப்ரவரியில் அர்ப்பணிக்கப்பட்டது. நிலக்கரியைக் கைவிட இவை வேண்டும், எனக்கு மறுப்பில்லை. மழை பொய்த்த மானாவாரிப் புஞ்சையை விற்றுக் கடன் அடைப்பவரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

சிக்கல், சம்மதம் பட்டாதாரரின் கையெழுத்தோடு முடிந்துவிடுவதில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. எனவே கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. அறுப்பு முடிந்த காட்டில் கிடை போடுகிறவர், களையெடுக்கப் போகிறவர், கரிமூட்டம் போடுகிறவர் யாருடைய பெயரும் பட்டாவில் இல்லை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழை பரப்பி, மண் பூசி, காற்று மட்டாகப் போகும்படி நாள்கணக்கில் காத்திருந்து எடுப்பது அந்தக் கரி. புகை கேடுதான், ஆனாலும் நிலமற்றவருக்கும் கூலி தந்த எரிசக்தித் தொழில் அது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடை வேலிக்குள் அகப்பட்டால் பாதிக்கப்படுவது ஆயக்கட்டு முழுவதும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, 2006இல் வங்கிக் கடனும் சேர்த்துச் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. தன் தேவை போக மிச்சத்தை மின் வாரியத்துக்கு விற்றது. பெரிய சாதனைதான். ஆனால் அதற்கு முன்பே ஊராட்சியின் கணக்கைச் சீர்செய்து, சேமித்து, வங்கியை நம்பவைத்த தலைவர் சண்முகம் அங்கே இருந்தார். எல்லா ஊருக்கும் ஒரு சண்முகம் வாய்ப்பார் என்று திட்டம் போட முடியாது.

2019இல் வந்த, விவசாயிகளுக்கான ஒன்றிய அரசின் சூரிய மின் திட்டமான பி.எம்.குசும் திட்டத்தின் முதல் பிரிவு 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களை விவசாயிகள், கூட்டுறவுகள், ஊராட்சிகள் அமைக்க இடம் தருகிறது. விளைநிலத்தில் என்றால் தகடுகளை உயர்த்தி நிறுத்தி அடியில் பயிர் செய்யலாம். திருச்சுழிக்குப் பொருந்துகிற அளவு இதுதான் என்பேன். ஆனால் ஊராட்சியே கட்டினாலும் வேலி வரும். தகட்டை உயர்த்தினால் செலவு கூடும். கிடைக்காரருக்கு வழி விடுவதற்கான அந்தக் கூடுதல் செலவை யூனிட் விலை தாங்குமா என்பது கிராமசபையில் முடிவாகிற காரியமல்ல; விலை நிர்ணயம் மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் இருக்கிறது.