தள்ளாட வைக்கும் பயிற்சி

வீட்டில் ஒரு முறை தடுக்கி விழுந்த பெரியவருக்கு இரண்டு அறிவுரைகள் உடனே கிடைத்துவிடுகின்றன. "தினமும் நடங்க" என்பது மருத்துவமனையில். "இனிமே தனியா எந்திரிக்காதீங்க" என்பது வீட்டில். இரண்டிலும் அக்கறை இருக்கிறது. அடுத்த முறை விழாமல் காக்கும் வலு இரண்டுக்கும் இல்லை. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வேகமாகக் கரையும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் விழுவதை அது மட்டும் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கை எலும்பு முறிந்து தேறிய பெண்களை வேகநடை போகச் சொல்லி லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. 1997இல் வெளியான அதன் முடிவுப்படி, நடந்தவர்களே கூடுதலாக விழுந்திருந்தார்கள்.

அதே 1997இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்ப்பெல், கிளேர் ராபர்ட்சன் குழுவினர் 80 வயதைக் கடந்த 233 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரின் வீடுகளுக்கு முதல் இரண்டு மாதங்களில் இயன்முறை மருத்துவர் நான்கு முறை போய், அவரவர் உடம்புக்கு ஏற்ற பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். மறுபாதியினரின் வீடுகளுக்கும் அத்தனை முறை ஆட்கள் போனார்கள், பேசிப் பழகிவிட்டு வருவதற்கு மட்டும். ஓராண்டு முடிவில், பயிற்சி பெற்றவர்களிடையே 88 விழுதல்கள், மற்றவர்களிடையே 152. பேச்சுத்துணைக்குப் போன அந்த ஆட்களால்தான் இந்த ஆய்வின் மேல் எனக்கு நம்பிக்கை. தனிமையில் இருக்கும் மூதாட்டிக்கு ஒருவர் வந்து போவதே தெம்பு தரும். பலன் அதனால் வந்ததாக இருக்கலாமே என்ற கேள்விக்கு அவர்கள் முன்கூட்டியே பதில் தேடியிருந்தார்கள்.

பயிற்சிக்குக் கருவி என்று பார்த்தால் கணுக்காலில் கட்டும் எடை மட்டும்தான். அதைக் கட்டியபடி உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது, நின்று பின்பக்கம் மடக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. அதன்பின் சமநிலைக்கானவை: ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை ஒட்டிவைத்து நிற்பது, அப்படியே அடிமேல் அடிவைத்து நடப்பது, பின்னோக்கி நடப்பது, எட்டு போட்டு நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். முதலில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு. பழகியபின் பிடியை விட்டு.

பிடியை விடும் அந்த இடத்தில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. உடம்பின் பாரம் பாதங்களின் பரப்பை மீறிச் சாயும்போது, கால் உடனே இன்னோர் அடி எடுத்து வைத்துத் தாங்க வேண்டும். தாமதித்தால் விழுகை. அந்தச் சாய்வைச் சந்திக்காமல் உடம்பு அதற்குப் பழகாது. ஆகவே தள்ளாட்டமே வராத பயிற்சி எவ்வளவு நேரம் செய்தாலும் இந்த வேலைக்கு உதவாது. 108 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் இந்தப் பக்கமே நிற்கிறது: உடற்பயிற்சி விழுதல்களை ஏறக்குறைய 23 விழுக்காடு குறைக்கிறது, சமநிலைப் பயிற்சிகளுக்குச் சான்று வலுவாக இருக்கிறது, எடை தூக்குவது மட்டும், நடப்பது மட்டும் என்றால் பலன் உறுதியில்லை. முதியோர் இல்லங்களில் எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கையை மேலே தூக்கி இறக்கச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மனத்துக்கு அது உற்சாகம் தரும். விழாமல் காக்கும் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது.

குறைகளும் சிறியவை அல்ல. பார்வை மிகக் குன்றிய, 75 வயதைக் கடந்த 391 பேரிடம் அதே ஒட்டாகோ குழு பின்னர் ஆய்வு நடத்தியது. அங்கே பயிற்சி விழுதல்களைக் குறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து வழுக்கும் விரிப்பை அகற்றி, படி விளிம்பைத் தெரியும்படி செய்து, கைப்பிடி பொருத்தச் சொன்ன ஏற்பாடுதான் விழுதல்களைச் சுமார் 40 விழுக்காடு குறைத்தது. தங்கள் முறை தோற்ற இடத்தைத் தாங்களே வெளியிட்ட நேர்மையை வணங்கலாம். ஆனால் கண்புரை முற்றிய ஒருவருக்குப் பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்புவது தவறு என்பதும் அதிலிருந்தே தெரிகிறது. தூக்க மாத்திரையால் தடுமாறுபவருக்கும் முதலில் பார்க்க வேண்டியது மருந்துச் சீட்டைத்தான்.

இன்னும் கடினமான கேள்வி எலும்பு முறிவைப் பற்றியது. குடும்பங்கள் அஞ்சுவது இடுப்பெலும்பு முறிவுக்குத்தான். இங்கிலாந்தில் 70 வயதைக் கடந்த 9,800க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அஞ்சலில் ஆலோசனை மட்டும் போனது; இன்னொரு பிரிவில், விழும் ஆபத்து உள்ளவர்களைக் கேள்வித்தாள் மூலம் கண்டறிந்து ஒட்டாகோ வழியிலான பயிற்சிக்கு அழைத்தார்கள். எலும்பு முறிவுகள் குறையவில்லை. பயிற்சியே வீண் என்று இதை நான் படிக்கவில்லை. அழைக்கப்படுவது வேறு, மாதக்கணக்கில் விடாமல் செய்வது வேறு. ஆனாலும் விழுதல் குறைந்தால் முறிவும் அதே அளவு குறையும் என்று வாக்களிக்கும் உரிமை இப்போது யாருக்கும் இல்லை. எலும்பின் அடர்த்திக்குத் தனி மருத்துவம் வேண்டும்.

விடாமல் செய்வது என்பது ஒட்டாகோவின் முதல் ஆய்விலேயே சிக்கல்தான். ஓராண்டு கழித்து வாரம் மூன்று முறை செய்துகொண்டிருந்தவர்கள் பாதிக்கும் குறைவு. வீடு தேடி வந்து ஒருவர் எடையைக் கூட்டி, பிடியை விடச் சொல்லி, அருகில் நிற்கும்வரை பயிற்சி வளர்கிறது. அவர் போனதும் பழகிய அளவிலேயே நின்றுவிடுகிறது, பிறகு மெல்ல மறைகிறது. செலவைக் குறைக்க நினைக்கும் எந்த நிர்வாகமும் முதலில் நீக்குவது இந்த ஆளைத்தான். மிஞ்சுவது படம் போட்ட துண்டுப் பிரசுரம்.

அந்த ஆள் இயன்முறை மருத்துவராகவே இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொடுத்தும் விழுதல்கள் குறைந்ததை நியூசிலாந்தில் பின்னர் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, இயன்முறை சிகிச்சையும் உண்டு. மாத்திரை கொண்டுவருபவர், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று அங்கேயே சோதித்துப் பார்த்து, முடியாதவர்களின் பெயரை இயன்முறை மருத்துவரிடம் சேர்க்கலாம். பயிற்சியையும் நம் வீடுகளுக்குத் தக்கபடி மாற்ற வேண்டியிருக்கும்: ஒட்டாகோ முறை நாற்காலியிலிருந்து எழுவதைப் பழக்குகிறது, நம் மூதாட்டிகள் பலர் தரையிலிருந்தும் எழுகிறார்கள், ஈரத் தரையில் குந்தி எழுகிறார்கள். அதற்கான படிநிலைகளை இங்குள்ள முதியோர் மருத்துவத் துறைகள் வகுத்துச் சோதித்துத் தர வேண்டும்.