ஆதி என்று ஒரு பெயர், காலனி என்று ஒரு முகவரி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் எந்தக் கிராமத்தில் வழி கேட்டாலும் இரண்டு பெயர் காதில் விழும். ஒன்று ஊர், இன்னொன்று காலனி. கோயில், குளம், அக்கிரகாரம், குடியானத் தெரு, களம் எல்லாம் ஊருக்குள் அடக்கம். காலனி வாய்க்காலைத் தாண்டி, மழை வந்தால் முதலில் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் ஆதிதிராவிடர். ஆதியில் இருந்தவர் என்று பெயர், குடியேறியவர் என்று முகவரி. இதை யாரும் வேடிக்கையாகச் செய்யவில்லை. இரண்டையும் ஒரே சாதிச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தார்கள், நாமும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டோம்.

இந்த இரண்டு சொற்களையும் ஓர் இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோலப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் காலனி. லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்கு உழுவது என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'கொலோனுஸ்' உழுகிறவனைக் குறித்தது. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் அந்த கொலோனுஸ்தான் பண்ணை நிலத்தை விட்டு வெளியேற முடியாதபடி சட்டத்தால் கட்டப்பட்டான். எங்க பக்கத்துப் பண்ணையாளுக்கு அவன் தூரத்து உறவு. 2025 ஏப்ரல் 29 அன்று, இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் பெயர்ப் பலகையைக் கழற்றும்போது அது எந்தச் சுவரில் மாட்டியிருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆதி. இந்தச் சொல்லை யாரும் மேலிருந்து போட்டுவிடவில்லை, கேட்டு வாங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள் வந்தன. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். இழிவாகச் சொன்ன சொல்லை நிமிர்ந்து சொன்னால் அதன் விஷம் இறங்கும் என்பது அவர் வழி. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. நாங்கள் பூர்வ பௌத்தர், எங்களை வீழ்த்தியவர்கள் வைத்த வசவு அது என்றார். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் பேசி, 1922இல் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்பதை அரசு ஏற்கும்படி செய்தார்.

மூன்றாவது வழிதான் சட்டத்தில் நின்றது. நின்றபிறகு அதற்கு என்ன ஆனது? 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையில் தமிழ்நாட்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று பெயர்கள் ஆதி ஆந்திரர், ஆதிதிராவிடர், ஆதி கர்நாடகர். ஆங்கில அகரவரிசை கொடுத்த முதலிடம் அது. எல்லோரையும் அடக்கும் பெயராக வந்த ஆதிதிராவிடர், பறையர் என்ற பதிவுக்கும் பள்ளர் என்ற பதிவுக்கும் பக்கத்தில் இன்னொரு சாதிப் பெயராக உட்கார்ந்துவிட்டது.

அரசியலமைப்பு இந்த மக்களுக்கு ஒன்றும் தரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதியும் திருத்துறைப்பூண்டி சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிகளாக இருப்பது அந்தப் புத்தகத்தின் பலத்தில்தான். ஆனால் 341ஆவது பிரிவின்படி வந்த பட்டியலுக்கு அடிப்படை, தீண்டாமையால் பட்ட காயம். ஆதியில் இருந்ததற்காக யாரும் அதில் சேர்க்கப்படவில்லை. 342ஆவது பிரிவிலும் இதே கதைதான். அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் முண்டா 'ஆதிவாசி' என்ற சொல்லுக்காக வாதாடினார், கிடைத்தது 'பட்டியலிடப்பட்ட' என்ற அடைமொழி. தமிழில் மட்டும் நாம் அதைப் பழங்குடியினர் என்று மொழிபெயர்த்து, மூலத்தில் இல்லாத தொன்மையை உள்ளே நுழைத்துவிட்டோம். ஆக, தமிழில் ஒரு பட்டியலுக்கு ஆதி, இன்னொன்றுக்குப் பழமை. ஆங்கில மூலத்தில் இரண்டும் வெறும் பட்டியல்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1992இல் மாபோ வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வெள்ளையர் வந்தபோது அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கதையைத் தள்ளி, பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்றது. ஆனால் 2023 அக்டோபர் 14 அன்று, அவர்களை முதல் மக்கள் என்று அரசியலமைப்பில் எழுதி, நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்ல ஓர் அமைப்பையும் கொடுக்கலாமா என்று கேட்ட வாக்கெடுப்பில் ஆறு மாநிலங்களும் வேண்டாம் என்றன. அங்கே நிலத்துக்கு ஓரளவு சட்டம் உண்டு, அரசியலமைப்பில் பெயர் இல்லை. எங்க பக்கம் பெயர் 1922லேயே வந்துவிட்டது, நிலம்தான் வரவில்லை. இந்திய அரசு 2007இல் ஐ.நா.வின் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தபோதும், விடுதலையின்போது இங்கிருந்த எல்லோருமே பூர்வகுடிகள் என்ற தன் நிலையை விடவில்லை. எல்லோரும் ஆதி என்றால் ஆதி என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

டெல்டாவில் ஆதியுரிமையைச் சட்டம் ஒருபோதும் ஏற்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஏற்றது, மிராசுதாருக்கு. மிராசு என்ற அரபுச் சொல்லுக்கே பரம்பரைச் சொத்து என்று பொருள். காடு திருத்திக் கழனியாக்கி முதலில் குடியேறியவர்களின் வாரிசு என்பதுதான் காணியாட்சிக்குச் சொன்ன நியாயம். எல்லிஸ் துரை 1810களில் அதைப் பற்றி விரிவாக எழுதினார். கும்பினி ஆட்சி தஞ்சையை 1799இல் எடுத்துக்கொண்டபின் மிராசுதாரை மதித்தே வரி வாங்கியது. காடு திருத்தும்போது மண்வெட்டி யார் கையில் இருந்தது என்று கணக்கில் எழுதவில்லை. மண்வெட்டி பிடித்தவரை அடிமையாக வைத்திருக்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் சொன்னது 1843இல். பண்ணையாளுக்கென்று தஞ்சை மாவட்டத்துக்குத் தனிச் சட்டம் வர 1952 ஆனது.

நம் இலக்கியமும் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் மிராசுதார் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் பார்த்தது. தி. ஜானகிராமனின் காவிரி நம் மொழிக்குக் கிடைத்த வரம். ஆனால் அந்தக் காவிரியில் படித்துறை அதிகம், வரப்பு குறைவு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனதை இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' ஆக்கினார். அதைத் துணிச்சலான நாவல் என்றே மதிக்கிறேன். இருந்தாலும் அங்கே யோசிக்கிற வேலையை டெல்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் பார்த்துக்கொள்கிறார்கள், வன்முறையின் வேர் பண்ணையாரின் உடற்குறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. கூலி நெல் கூட்டிக் கேட்டதும் சங்கத்தில் சேர்ந்ததும் பின்னால் தள்ளப்படுகின்றன. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' அந்தக் குறையை வயலிலிருந்து நேர்செய்யப் பார்த்தது. பாரதி கிருஷ்ணகுமாரின் ஆவணப்படம் 'ராமையாவின் குடிசை' என்று தலைப்பு வைத்தது. எனக்கு அந்தத் தலைப்பு முக்கியம். எரிந்தது ஒருவருடைய வீடு. அந்த வீட்டுக்குப் பெயர் இருந்தது.

கூலி கேட்டால் 'என் மண்ணுல குந்திக்கிட்டு என்னையே எதிர்க்கிறியா, குடிசையப் பிரி' என்று சொல்ல முடிந்த காலம் அது. அந்த வாயை அடைத்தது ஆதி என்ற சொல் அல்ல, 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம். விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்றது அது. நீ முன்னால் வந்தாயா பின்னால் வந்தாயா என்று கேட்காமல், இங்கே இருக்கிறாயா என்று மட்டும் கேட்டது. டெல்டாவில் எழுதப்பட்ட ஆகச்சிறந்த அங்கீகார வாசகம் அதுதான் என்பேன். வீட்டு மனையோடு நின்றுவிட்டது என்பது அதன் குறை.

2021இல் நாடாளுமன்றம் பள்ளர், குடும்பர் உள்ளிட்ட ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒன்றாக்கியது. ஆதியிலிருந்து நகர்ந்து வேளாண்மைக்கு வருகிறது இந்தக் கோரிக்கை. யார் முதலில் வந்தது என்பதை விட்டு, யார் உழுதது என்று கேட்கிறது. அந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வேளாளர் என்ற சொல் சான்றிதழில் ஏறியதால் ஒரு குழி நிலம்கூடக் கைமாறவில்லை.

ஆதி என்ற வாதத்தில் ஆபத்தும் உண்டு. மராட்டியர், சௌராஷ்டிரர், தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லோரும் வந்தேறிகள் என்று கத்துகிறவர்களும் இதே சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ராஜா கேட்டது யாரையும் வெளியே அனுப்புவதற்காக அல்ல, தன் மக்களை ஊருக்குள் சேர்ப்பதற்காக. அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டால் அவர் வாங்கித் தந்த சொல்லைத் தவறானவர்கள் கையில் கொடுத்துவிடுவோம்.

இனி காலனிகளுக்கு நல்ல பெயர்கள் வைக்கப்படும். தலைவர்கள் பெயர், பூக்கள் பெயர், ஏதோ ஒன்று. அப்போது கேட்க வேண்டியவை சில உண்டு. அந்தத் தெருவில் எத்தனை வீட்டு அடிமனைக்குப் பட்டா இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது? பிணம் போக வழி இருக்கிறதா, வரப்பில்தான் தூக்கிக்கொண்டு போகிறார்களா? நட்டு அறுக்கிற வயலில் அந்தத் தெருக்காரருக்கு எத்தனை மா சொந்தம்? பதில் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் நாம் அதையும் கொஞ்சம் வாசிக்கலாம்.