எந்தக் கலவரம்?

மூன்று வருடம் இளங்கலை வரலாறு படித்த பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால், நான் ஒரு குடும்ப அட்டையைத்தான் காட்டுவேன்.

கூடலூர்ப் பக்கம் டான்டீ குடியிருப்பிலிருந்து வரும் என் மாணவி, தன் அம்மாயியைப் பேட்டி கண்டு கட்டுரை எழுதினாள். "கலவரத்துக்கு அப்புறந்தான் கப்பலேறுனோம்" என்றிருந்தார் அம்மாயி. இவள் அதை 1983 என்று எழுதிக்கொண்டாள். வீட்டிலிருந்த தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையிலோ 1978. அம்மாயிக்கு வயதாகிவிட்டது, நினைவு பிசகுகிறது என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தாள்.

பிசகியது அம்மாயி அல்ல. 1977 ஆகஸ்டிலும் இலங்கையில் தமிழர்மீது வன்முறை நடந்தது. தோட்டத் தமிழர்களும் தாக்கப்பட்டார்கள், பலர் வவுனியாப் பக்கம் ஓடினார்கள். இவள் படித்த நோட்ஸில் கலவரம் என்றால் 83 மட்டும்தான். சல்லிவன் ஊட்டியில் வீடு கட்டிய கதையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பாடத்தில் உண்டு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினால் மதிப்பெண். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதற்கு மதிப்பெண் இல்லை. 1968இல் அவர்களுக்காக இங்கே அரசு தேயிலை வைத்ததை 'மறுவாழ்வு' என்று கற்பிக்கிறோம். அந்தத் தேயிலைக்காக அழிந்த காடு யாருடையது என்று, அதே வகுப்பிலிருக்கும் பணியர் வீட்டுப் பெண் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

அட்டையை மறுபடி பார்க்கச் சொன்னேன். குடும்பத் தலைவர் தாத்தா. அம்மாயி வெறும் 'மனைவி'. சிறுமியாக இருந்தபோதே கொழுந்து பறிக்கத் தொடங்கியவர் என்பது அதில் எங்கும் இல்லை. அந்தத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றானது 1984இல்தான். அம்மாயி அதற்குமுன்பே கப்பலேறிவிட்டார்.

அதற்காகப் பாட்டிகள் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பெண்ணியக் கட்டுரைகளிலேயே அந்த வழிபாடு கொஞ்சம் அதிகம். வந்த உடனே வேலை கிடைத்தது என்கிறார் அம்மாயி; அட்டையிலுள்ள தேதிகளோ நடுவில் பல மாதங்களைக் காட்டுகின்றன. அந்த மாதங்களை அவர் ஏன் சொல்லாமல் விடுகிறார்? அட்டையைச் சந்தேகிப்பது போலவே அன்போடு அம்மாயியையும் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒன்றைக் கற்காமல் வாங்கும் பட்டம், போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்க மட்டும்தான் உதவும். அந்தத் தேர்வுகளை நான் இளக்காரமாகப் பேசவில்லை. லைன் வீட்டிலிருந்து வெளியேற இவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

மாணவி அடிக்குறிப்பை அடித்துவிட்டு மறுபடி பேட்டிக்குப் போனாள். இந்த முறை எழுதிக்கொண்டு போன முதல் கேள்வி: எந்தத் தோட்டம், எந்த மாதம்?