பிரான்சுக்குப் போகாத பெண்

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1982இல் எடுத்த 'மூன்றாம் பிறை'யின் கடைசியில், நினைவிழந்து குழந்தை மனத்தோடு வாழ்ந்த விஜி குணமாகி ரயில் ஏறுகிறாள். கமரா அவளோடு போகவில்லை. அதுவரை அவளைப் பராமரித்த, ரயில் நிலையத்தில் கூத்தாடி விழும் சீனுவோடு நின்றுவிட்டது. நாமும் சீனுவுக்காகத்தான் அழுதோம். ஊர் திரும்பிய அந்தப் பிள்ளையை அயலார் என்ன கேட்டார்கள், அவள் என்ன பதில் சொல்லிச் சமாளித்தாள் என்று அறிய எவரும் விரும்பவில்லை. அதே ஆண்டு வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டும் நோயாளி நாயகனைச் சாகவிட்டே முடிந்தன. முப்பது வருடம் கழித்து '3' என்ற படம் மனநோயைக் கையில் எடுத்தபோதும் முடிவு மரணம்தான். பிழைத்தவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நம் திரைக்குத் தெரியவில்லை.

பிரித்தானியாவின் ஈ4 அலைவரிசையில் 2013 முதல் 2015 வரை மூன்று பருவங்களாக, 16 அத்தியாயங்களில் வந்த 'மை மேட் ஃபேட் டயரி' அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ரே ஏர்ல் என்ற பெண் 1989இல் எழுதிய நாட்குறிப்பு 2007இல் நூலானது. டொம் பிட்வெல் அதைத் தொடராக்கியபோது காலத்தை 1996க்கு நகர்த்தினார். ஒயாசிஸ், பிளர் பாட்டுகள் ஒலிக்கும் லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபர்ட் என்ற சிறுநகரம். 16 வயது ரே, உயிரை விட முயன்று நான்கு மாதம் மனநல வைத்தியசாலையில் இருந்துவிட்டு வீடு வருகிறாள். தோழி குளோயியைப் பொறுத்தவரை அவள் பிரான்சில் இருந்தவள்.

எங்கள் அக்கரைப்பற்றில் இந்தப் பொய்க்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இங்கே அது 'கொழும்பில மாமி வீட்ட நிண்டவ' என்று வரும், அவ்வளவுதான். மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொட என்ற ஊர்ப்பெயரையே இந்த நாடு ஏச்சுப்பேச்சாக்கி வைத்திருக்கிறது. நம் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருபவர். ஆகவே மூத்தவளின் கிளினிக் கொப்பி யார் கண்ணிலாவது பட்டால் இளையவளின் கல்யாணப் பேச்சும் நின்றுபோகும் என்ற பயம் உம்மாமாருக்கு. முதலில் தண்ணி ஓதிக் கொடுப்பார்கள். குளிசை எடுக்கும் நிலை வந்தால் தெரிந்த முகம் இல்லாத ஊர் வைத்தியசாலையாகத் தேடுவார்கள். ரேயின் தாய் லிண்டாவும் மறைக்கிறவள்தான். ஆனால் தொடர் அவளைக் கொடுமைக்காரியாக்கவில்லை. தடுமாறுகிற, கோபக்கார, மகளை விட்டுக்கொடுக்காத தாயாகவே கிளேர் ரஷ்புரூக் நடித்திருக்கிறார்.

இத்தகைய கதையில் பகிடி எதற்கு? மருந்தின் கசப்புத் தெரியாமலிருக்க என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது போதாது. காட்சிகளின் மேல் கிறுக்கல்களாக வந்து விழும் ரேயின் நாட்குறிப்பு வரிகள் பெரும்பாலும் அவள் தன் உடம்பையே கேலி செய்பவை. ஷரோன் ரூனியின் குரலில் அவை சிரிப்பை வரவழைக்கின்றன. பிறர் கேலி செய்யுமுன் தானே செய்துவிடும் தந்திரம் அது. இரண்டாம் பருவத்தில் வைத்தியர் கெஸ்டர் அந்தத் தந்திரத்தைப் பிடித்துவிடுகிறார். பத்து வயது ரே எதிரிலே அமர்ந்திருப்பதாக நினைக்கச் சொல்லி, உன்னைப் பற்றி நீ சொல்வதையெல்லாம் அவளிடம் சொல் என்கிறார். அவளால் முடியவில்லை. அதுவரை நாம் சிரித்த சொற்கள் இப்போது ஒரு குழந்தையை நோக்கித் திரும்புகின்றன. சிரித்தவர் கணக்கும் அதில் சேர்கிறது. பகிடி இல்லாமல் எடுத்திருந்தால் இந்தக் காட்சி வெறும் புத்திமதியாகியிருக்கும்.

அதைவிடத் துணிச்சலானது, ரே குளோயியின் நாட்குறிப்பைப் படிக்கும் அத்தியாயம். பின்னாளில் 'கில்லிங் ஈவ்' மூலம் உலகப் புகழ் பெற்ற ஜோடி கோமர்தான் குளோயி. அழகி, எல்லாம் கிடைத்தவள் என்று ரே எண்ணியிருந்த பெண் அதே நாட்களை எவ்வளவு தனியாகக் கடந்தாள் என்பது அப்போதுதான் தெரிகிறது. சுகமில்லாதவர் சொல்வதெல்லாம் நியாயம் என்று தொடர் வக்காலத்து வாங்கவில்லை. வேதனை ஒருவரைத் தன்னைத் தவிர வேறெதையும் காணாதவராக்கும் என்று அவர் பக்கம் நின்றுகொண்டே சொல்கிறது. நோயாளியைத் தியாகியாக்கியே பழகிய நம் எழுத்துக்கு இது புதிது.

குறைகள் சின்னவை அல்ல. ஊரே ஏங்கும் ஃபின் அவளைக் காதலிக்கிறான். அவள் தேறிவருவதன் பெரும்பாரம் அவன் தலையில் ஏற்றப்படுகிறது. கெஸ்டருக்கோ ஒரே நோயாளியோடு பேச நேரம் எவ்வளவும் உண்டு. வரிசையில் காத்திருந்து குளிசை மாற்றிக்கொண்டு திரும்புகிற நம் கிளினிக் நாளோடு ஒப்பிட்டால் அது வேறு கிரகம். ஆனாலும் அதைத் தொடரின் குற்றமாக எழுத மாட்டேன், அது நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடு. மூன்றாம் பருவத்துக்கு அந்தச் சலுகை இல்லை. மூன்றே அத்தியாயங்களுக்குள் கார் விபத்து, உயர்தரப் பரீட்சை, பல்கலைக்கழகப் பயணம் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள். முதலிரண்டு பருவங்களும் மெல்ல மெல்லக் காட்டிய மாற்றத்தை இது கதைத் திருப்பங்களால் நிரப்பிவிடுகிறது.

எனக்குப் பெரிய உறுத்தல் கரீம். லிண்டா வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் துனீசியக் காதலன். நாட்டில் இருக்க அனுமதிப் பத்திரம் இல்லாதவன். ஆங்கிலம் அதிகம் வராதவன். அவன் வரும் இடங்களில் அவனே பகிடி. இத்தனைக்கும், வெளியே சொல்ல முடியாத ஒன்றை மூடிக்கொண்டு அந்த வீட்டில் வாழும் இன்னொருவன் அவன்தான். குளோயிக்குக் கொடுத்த நாட்குறிப்பை அவனுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கலாம். மத்திய கிழக்கில் உழைக்கப் போன வாப்பாவோ காக்காவோ இல்லாத வீடு குறைந்த ஊரிலிருந்து பார்க்கும்போது, கரீமுக்குக் கிடைத்த சிரிப்புக் கொஞ்சம் கூசுகிறது. அவன் நல்லவனாகக் காட்டப்படுகிறான் என்பது சமாதானம் ஆகாது. நல்லவனாக இருக்கிறான், ஆளாக இல்லை.

இத்தனைக்குப் பிறகும் என் தீர்ப்புத் தொடரின் பக்கமே. முதலிரண்டு பருவங்களின் 13 அத்தியாயங்களில், தேறுவது என்பது ஒரு நாள் நடந்து முடிகிற காரியமாக இல்லை. நல்ல கிழமைக்குப் பிறகு கெட்ட கிழமை வருகிறது, பொய் உடைந்த பிறகும் வெட்கம் மிச்சமிருக்கிறது. இதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன தமிழ்ப் படமொன்றை என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளையும் உம்மாவும் சேர்ந்து பார்க்கலாமா என்றால், பாலியல் பேச்சு தாராளமாக உண்டு, உம்மா முதலில் தனியே பார்க்கட்டும். மூன்றாம் பருவத்தைப் பார்க்காமல் விட்டாலும் நட்டமில்லை.