இலக்கும் இசைவும்: ரோஹின்டன் மிஸ்திரியின் நாவலில் கட்டாயக் கருத்தடை

ரோஹின்டன் மிஸ்திரி ஆங்கிலத்தில் எழுதிய 'எ ஃபைன் பேலன்ஸ்' (1995) நாவல், இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடி நிலையைக் களமாகக் கொண்டது. இதில் இடம்பெறும் கட்டாயக் கருத்தடையை அக்கால அத்துமீறலின் பதிவாக மட்டும் கொள்வது போதுமானதன்று. அத்துமீறலுக்கு வித்திட்ட இலக்கு முறையே நாவலில் விசாரணைக்கு உள்ளாகிறது.

1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற இந்தியா, 1960களில் எண்ணிக்கை இலக்குகளை வகுத்தது. 1976 ஏப்ரலில் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை, கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்ற மாநிலங்களுக்கு இடமளித்தது. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகள் நிகழ்ந்தன.

நாவலில் முடி சேகரித்து வாழ்ந்த ராஜாராம், பிழைப்பிற்காகக் கருத்தடைக்கு ஆள் திரட்டும் ஊக்குநராகிறான். வறியவனின் கூலியே மற்றொரு வறியவனின் உடலைச் சார்ந்து அமைகிறது. தையற்காரர் ஈஷ்வரும் அவர்தம் தம்பி மகன் ஓமும் திருமண ஏற்பாட்டிற்காக ஊர் திரும்பிய நிலையில் கடைத்தெருவில் பிடிக்கப்பட்டுக் கருத்தடைக்கு ஆளாகின்றனர். ஓம் மணமாகாதவன். சிறு குடும்பம் என்னும் திட்டத்தின் நோக்கம் இங்கே பொருளிழக்க, எண்ணிக்கை மட்டுமே எஞ்சுகிறது. பின்னர் ஆதிக்கச் சாதியினனாகிய தாக்கூர் தரம்சியின் தூண்டுதலால் ஓமின் விரைகள் அகற்றப்படுகின்றன. தலித் குடும்பத்தின் மீதான பழைய சாதிப் பகை அரசு மருத்துவத்தின் போர்வையில் தீர்த்துக்கொள்ளப்படுகிறது. அறுவையால் நேர்ந்த நோய்த்தொற்றால் ஈஷ்வர் கால்களை இழக்கிறார்.

இந்நாவலின் கருத்தடைக் காட்சிகளின் மையத்தில் நிற்போர் ஆண்கள். ஆனால், 1977க்குப் பின் கருத்தடையின் சுமை பெரிதும் பெண்கள்மீது சாய்ந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ 0.3 விழுக்காடே. இம்மாற்றத்தை உணர நாவலுக்கு அப்பாலும் நோக்க வேண்டியுள்ளது. மைய அரசு 1996இல் இலக்குகளைக் கைவிட்ட பின்னரும், 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்; பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு பணித்தது.

இசைவு என்பது மறுக்கும் உரிமையையும் உள்ளடக்கியது. மறுப்பவரால் மற்றொருவரின் ஊதியமோ பதவியோ பாதிக்கப்படும் அமைப்பில் அவ்வுரிமை நிலைப்பதில்லை. ராஜாராம் என்னும் பாத்திரத்தின் வழி நாவல் இவ்வுண்மையையே புலப்படுத்துகிறது எனலாம்.