அடுப்படி யாருடைய வசம்?

பிரதிகளை வாசிப்பதுதான் என் தொழில். காப்பியமும் இலக்கணமும் பாடம் நடத்துகிறேன். ஆனால் சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி கொண்டுவந்து நீட்டிய இரண்டரைப் பக்கப் பிரதியைப் போல எதுவும் என்னைத் திணறடித்ததில்லை. அது ஒரு மகஜர். கருவடிக்குப்பத்தில், என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, அவளுடைய அம்மா குடியிருக்கும் வீட்டில் நடந்த சோதனையைப் பதிவுசெய்த காவல்துறை ஆவணம். சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து 800 கிராம் கஞ்சா கைப்பற்றப்பட்டதாக அது சொன்னது. அம்மா 18 நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தார்.

"மேடம், இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க, ஆனா படிச்சுப் பாக்கல" என்றாள்.

நான் படித்தேன். ஒரு வழக்கறிஞர் படிக்கும் விதமாக அல்ல. எனக்குத் தெரிந்த விதமாக.

முதலில் கண்ணில் பட்டது எழுவாய் இல்லாமை. வீடு சோதனையிடப்பட்டது, பொட்டலம் கண்டெடுக்கப்பட்டது, எடை போடப்பட்டது, முத்திரையிடப்பட்டது. எல்லாம் செயப்பாட்டுவினை. யார் கண்டெடுத்தார், டிரம்மை நகர்த்தியது யார் கை, அப்போது அந்த அம்மா எங்கே நின்றார் என்று எந்த வாக்கியமும் சொல்லவில்லை. இரண்டரைப் பக்கத்திலும் செய்வினையில் வரும் ஒரே ஆள் அந்த அம்மாதான். அவர் 'வைத்திருந்தார்', 'ஒப்புக்கொண்டார்', 'கையொப்பமிட்டார்'. வேறு யாரும் எதையும் செய்யாத ஒரு வீட்டில் அவர் மட்டும் எல்லாவற்றையும் செய்திருக்கிறார்.

அடுத்தது பெயர். முதல் வரியில் அவர் 'க/பெ' போட்டு இன்னாரின் மனைவி. இரண்டாம் பத்தியிலிருந்து 'எதிரி'. குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கக் காவல்நிலையத் தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல் இது. தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒருவரை அரசின் எதிரியாக்கிவிடும் சொல்லை நாம் இவ்வளவு காலம் கேள்வி கேட்காமல் விட்டிருக்கிறோம்.

மூன்றாவது 'வசம்'. பொட்டலம் எதிரியின் வசமிருந்து கைப்பற்றப்பட்டதாம். அந்த வீட்டின் பட்டா அவருடைய கணவர் பெயரில். மின் இணைப்பு, இறந்துபோன மாமனார் பெயரில். பின்கட்டை வாடகைக்கு விட்ட பணம் கணவர் கைக்குப் போகிறது. முப்பது வருடம் சமைத்துப் போட்ட அந்த வீட்டை 'எதிரியின் வீடு' என்று, அதாவது அவருடைய வீடு என்று, எழுதித் தந்த முதல் அரசாங்கத் தாள் இந்த மகஜர்தான். உடைமைக் கணக்கில் வராத பெண் குற்றக் கணக்கில் வீட்டுக்குச் சொந்தக்காரி ஆகிறாள். போலீஸ் தேடி வந்தது மகனை. மகன் வீட்டில் இல்லை. எந்நேரமும் வீட்டில் இருப்பவர் இருந்தார். அதுவே அவர்மீது வழக்காயிற்று.

என்.டி.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இந்த வசத்தின்மீதுதான் நிற்கிறது. பொருள் ஒருவர் வசம் இருந்தது நிறுவப்பட்டால், அவருக்கு அது தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கின்றன அதன் 35, 54ஆம் பிரிவுகள். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. ஆனால் அந்த அனுமானத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. வசம் என்ற அடிப்படையை அரசுத் தரப்பு முதலில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று 2008இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறுமனே பொருள் அருகில் இருப்பது வசம் ஆகாது. அறிந்திருக்கவும் வேண்டும், அதன்மேல் பிடிமானமும் வேண்டும். நாலு பேர் புழங்கும் ஒரு சமையலறையில் அரிசி டிரம்மின் பின்புறம் யாருடைய பிடிமானம்? 'அடுப்படி பொம்பளையோடது' என்ற ஊர்வழக்கு, சட்டத்தில் எங்கும் எழுதப்படாமலே சாட்சி சொல்லிவிடுகிறது.

நேரத்துக்கு வருவோம். சோதனை மாலை 5.30க்குத் தொடங்கியதாக மகஜர் சொல்கிறது. அது மார்கழி மாதம். அம்மாவிடம் கேட்டேன். "வெளக்கு வெச்சுட்டேன் டீச்சரம்மா. ஏழு மணி சீரியலுக்குப் பாட்டு போட்டான், அப்பத்தான் கதவத் தட்டுனாங்க" என்றார். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. வாரண்ட் இல்லாமல் சூரியன் மறைந்த பிறகு ஒரு வீட்டுக்குள் நுழைவதென்றால், வாரண்ட் வாங்கக் காத்திருக்க முடியாததற்கான காரணத்தை அதிகாரி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அதன் நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இது 42ஆம் பிரிவு. பெண்ணை இருட்டிய பிறகு கைது செய்வதற்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு: விதிவிலக்கான நிலை இருக்க வேண்டும், பெண் காவல் அதிகாரி எழுத்து மூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி பெற வேண்டும். ஆகவே அந்தத் தாளில் பொழுது சாயாமல் இருப்பது வசதியானது. விளக்கு வைப்பதும் சீரியல் பாட்டும் பெண்களின் கடிகாரம். அதை நீதிமன்றத்தில் கடிகாரமாக ஏற்கவைக்க முடியுமா என்பது வழக்கறிஞரின் முதல் கேள்வியாக இருந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நிலையத்தில் பதிவு இருக்கிறது, விளக்குக்கு இல்லை.

மாணவியின் பீரோவைக் குடைந்தவர்கள் ஆண்கள். பெண் காவலர் பிறகுதான் வந்தார். அக்கம்பக்கத்தார் யாரும் சாட்சியாக இல்லை. சாட்சிகள் இருவரும் அந்தத் தெருவுக்கு அந்நியர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டம் சோதனையைக் காட்சிப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு இருக்கிறது. அது தொடங்கும்போதே பொட்டலம் சமையலறைத் தரையில் கிடக்கிறது.

இவ்வளவு ஓட்டை இருந்தால் வழக்கு தானாக விழுந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. சோதனையில் பிழை இருந்தாலே கிடைத்த பொருள் சாட்சியமாகாமல் போய்விடாது. 42ஆம் பிரிவை அறவே பின்பற்றாதது வழக்கைக் கெடுக்கும். தாமதமாகப் பின்பற்றி அதற்குத் தகுந்த விளக்கமும் தந்தால் கெடாது என்று 2009இல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. 'எதிரி ஒப்புக்கொண்டார்' என்ற வரிக்கு மட்டும் வலுவான பதில் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில், இச்சட்டத்தின் புலனாய்வு அதிகாரிகளும் காவல் அதிகாரிகளே, அவர்களிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 2020 அக்டோபர் 29 அன்று தீர்ப்பானது. மற்றவற்றை ஒவ்வொன்றாக, குறுக்கு விசாரணையில், வருடக்கணக்கில் பிய்த்துக் காட்ட வேண்டும்.

சிலப்பதிகாரத்தைப் பாடம் நடத்தும்போது நான் இதைக் கவனித்ததே இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். மதுரைக் காண்டம் ஒரு வசத்தின் வழக்கு. ஊடல் தணிக்கப் போகும் அவசரத்தில் பாண்டியன் இடும் கட்டளையில் ஒரே ஒரு நிபந்தனைதான்: சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிடுங்கள். எப்படி வந்தது, யாருடையது என்ற கேள்வி இல்லை. தகவல் தந்த பொற்கொல்லன்தான் உண்மையான திருடன். பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலரில் ஒருவன் தயங்கும்போது, கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி வகுப்பெடுத்து அந்தத் தயக்கத்தைக் கரைப்பவனும் அவனே.

கண்ணகியைக் கற்பின் அணங்காகவே நமக்குக் கற்றுத் தந்தார்கள். நானும் அப்படியே கற்றுத் தந்தேன். அவையில் அவள் செய்தது என்ன? கைப்பற்றிய பொருளைச் சோதிக்கச் சொன்னாள். என் சிலம்பின் உள்ளே மாணிக்கம், உங்கள் சிலம்பின் உள்ளே என்ன என்று கேட்டாள். முத்து என்றான் அரசன். உடைத்தாள். நம் இலக்கியத்தில், கைப்பற்றிய பொருளின் உள்ளடக்கத்தை ஆய்ந்து பார் என்று அரசை நிற்கவைத்த பெண் அவள். அன்று காலை இடைச்சேரியில் மாதரி தந்த மனையில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் கணவனுக்குப் பரிமாறியவளும் அவளே. ஆய்வு முடிவு வந்தபோது தண்டனை நிறைவேறிவிட்டது என்பதுதான் காப்பியத்தின் துயரம்.

அந்தத் தாமதம் இன்றும் இருக்கிறது. 2023 பிப்ரவரி 27 அன்று கேரளத்தின் சாலக்குடியில் அழகுநிலையம் நடத்திவந்த ஷீலா சன்னியின் பையிலும் ஸ்கூட்டரிலும் சோதனையிட்ட கலால் துறையினர் 12 எல்.எஸ்.டி. ஸ்டாம்புகள் கிடைத்ததாக அவரைக் கைது செய்தார்கள். தொலைபேசியில் வந்த ஒரு தகவலே ஆதாரம். அவர் 72 நாள் சிறையில் இருந்தார். ஆய்வகம் அந்த ஸ்டாம்புகளில் போதைப்பொருளே இல்லை என்றது. உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. குடும்ப உறவுக்குள்ளிருந்தே திட்டமிட்டு வைக்கப்பட்ட பொறி இது என்பது பின்னால் காவல்துறையே சாட்டிய குற்றச்சாட்டு. பொற்கொல்லன் எப்போதும் தூரத்து ஆள் இல்லை. ஒரு பெண்ணின் பை எங்கே தொங்கும் என்று தெரிந்தவர்தான் அதில் ஒன்றை வைக்க முடியும்.

வைத்துவிட்டுத் தேடும் கலை எங்கள் ஊருக்கும் பழையது. சுதேசிகள் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த காலத்தில், வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் பிரிட்டிஷ் உளவாளிகளின் ஆட்கள் ராஜத்துரோகப் பிரசுரங்கள் அடைத்த ஜாடி ஒன்றைப் போட்டுவைத்தார்கள். தண்ணீர் இறைக்கும்போது அது மேலே வந்துவிட்டது. பாரதியின் யோசனைப்படி அவர்களே முந்திக்கொண்டு பிரெஞ்சு அதிகாரிகளிடம் தெரிவித்ததால் பொறி பலிக்கவில்லை. குயில்தோப்பைக் காட்டிப் பாரதியை எங்கள் கருவடிக்குப்பத்துக்காரராகவே கொண்டாடும் நாங்கள் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வோம். இறைத்தது வீட்டு வேலை செய்த பெண் என்கிறார்கள். அவள் பெயர் கதையில் இல்லை. ஜாடி மேலே வராமல் போயிருந்தால் முதலில் யாரைக் கேட்டிருப்பார்கள்? கிணற்றடியில் எந்நேரமும் புழங்குபவள் யாரோ அவளைத்தானே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் கஞ்சா விற்பதைத் தடுக்கச் சொல்லிப் பெண்கள் கூடி மனுக் கொடுத்தோம். நானும் கையெழுத்திட்டேன். அந்த அம்மாவும் இட்டார். பள்ளிவிட்டு வரும் பெண்பிள்ளைகள் அந்த முக்கைக் கடக்க அஞ்சிய காலம் அது. சோதனை நடத்துங்கள் என்று கேட்டவர்கள் நாங்கள்தான். அந்தப் பொட்டலம் மகனுடையதா, வெளியிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரியாது என்று அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஏனென்றால் சொல்லும்போது அவருக்கு மகன்மேல் கோபம் வருகிறது. போதைக்கு எதிராகப் பேசும்போது பெண்கள் அரசிடம் அதிகாரத்தைக் கேட்கிறோம். அந்த அதிகாரம் வரும்போது விற்பவன் வீட்டு மாடிக்கு ஏறுவதைவிட நம் அடுப்படிக்குள் நுழைவது அதற்கு எளிதாக இருக்கிறது. ஆகவே சோதனைக்கான விதிகள் குற்றவாளிக்குத் தரும் சலுகை என்று பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். வீட்டில் இருப்பவளுக்கும் வீட்டில் கிடைத்ததற்கும் இடையே இருக்கும் ஒரே சுவர் அவைதான்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்குச் சில வார்த்தைகள். படிக்காமல் கையெழுத்திடாதீர்கள், இடச் சொல்லி வற்புறுத்தினால் அதையும், கடிகார நேரத்தையும் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். கைப்பற்றியவற்றின் பட்டியலுக்கு நகல் கேளுங்கள். உங்கள் உடலைப் பெண்தான் சோதிக்கலாம். மாதிரி எடுத்தது மாஜிஸ்திரேட் முன்னிலையிலா, முத்திரை சரியா, ஆய்வறிக்கை எங்கே என்று உங்கள் வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வருமானம் பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி தருகிறது.

கஞ்சா 1 கிலோவுக்குக் கீழே என்பதால் அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. வழக்கு அதைவிட அதிக நாள் ஓடும்போல இருக்கிறது. போன வாய்தாவுக்கு நானும் கூடப் போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள், இன்னார் மனைவி என்றுதான். திரும்பும் வழியில் பேருந்தில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மகளிடம் கேட்டார்: "ஏண்டி, என் வீடு என் வீடுன்னு கோர்ட்டுல அத்தனவாட்டி சொல்றாங்களே, அந்தத் தாளக் காட்டி உங்கப்பாகிட்ட பட்டாவுல என் பேரச் சேக்கச் சொல்லலாமா?"

அவள் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.